மகளுக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை: ஒரு கல்லூரிக் குழு போட்ட கணக்கு

எங்கள் கல்லூரி மகளிர் நலக் குழுவின் கையில் இந்த ஆண்டு இருப்பது 60,000 ரூபாய். அதைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் செலவிட வேண்டும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எப்படிச் செலவிடுவது என்று வந்தபோதுதான் பேச்சு நீண்டது. மருத்துவர் ஒருவரை அழைத்துக் கருத்தரங்கு வைத்து, மறுநாள் பேருந்து நிலையம் வரை பேரணி போகலாம் என்றார் ஒருவர். வளாகத்திலேயே மாணவிகளுக்குப் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) முகாம் நடத்தலாம் என்றார் இன்னொருவர். வயதில் இளைய ஆசிரியைகள் தடுப்பூசி என்றார்கள். மாணவிகளின் அம்மாக்களைப் பரிசோதனைக்கு அனுப்ப வழி பார்ப்போம் என்றேன் நான். அது கல்லூரியின் வேலையா என்று உடனே கேள்வி வந்தது.

இதைப் பற்றிப் படித்தும் கேட்டும் நாங்கள் எங்கே வந்து நின்றோம் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு கல்லூரிகளில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், தனியாகத் தன் முடிவை எடுக்க நினைக்கும் மாணவிக்கும் இது உதவும் என்று நம்புகிறேன். நான் மருத்துவர் இல்லை. கடைசி வார்த்தை உங்கள் மகப்பேறு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

முதலில் மாணவிகளுக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிடலாம் என்று வகுப்பில் துண்டுச் சீட்டு கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், கேட்க நினைப்பதை மட்டும் எழுதுங்கள் என்றோம். "வெள்ளைப்படுதல் இருந்தால் கேன்சர் என்று அர்த்தமா?" "கல்யாணம் ஆகாதவங்களுக்கும் வருமா மேம்?" "ரொம்ப நேரம் ஒரே நாப்கின் வைத்திருந்தால் வரும் என்கிறார்களே?" "ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?" நோயின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அது எதனால் வருகிறது என்பது கிட்டத்தட்ட யாருக்கும் தெரியவில்லை. நாப்கினுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது என்று சொன்னபோது, உயிர்வேதியியல் படிக்கும் பெண்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்கேன் பற்றிய சீட்டு என்னை வீடு வரைக்கும் பின்தொடர்ந்து வந்தது. என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று சில வருடங்கள் கழித்துத் திரும்ப ரத்தப்போக்கு வந்தது. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது என்று காகிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து இடுப்பு வலியோடு போனபோது காலம் கடந்துவிட்டது. கர்ப்பப்பை வேறு, கர்ப்பப்பையின் வாய் வேறு. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் வாய்ப்பகுதியின் ஆரம்ப மாற்றங்கள் தெரியாது. இந்த ஒரு விஷயத்தைப் பெரியம்மா காலத்தில் யாராவது எங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தியாவில் 2022இல் மட்டும் இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்கள் சுமார் 1,27,000 பேர் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். இத்தனைக்கும், வைரஸ் உள்ளே வந்த நாளிலிருந்து புற்றுநோயாக மாறும் நாள் வரை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் இடைவெளி விடும் நோய் இது.

அந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் எங்கள் விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். எச்.பி.வி. மிகச் சாதாரணமான வைரஸ். பாலுறவின் வழியாகப் பரவுகிறது. உறவு தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும். கணவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடுகிறது. போகாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் கர்ப்பப்பை வாயின் செல்கள் மெதுவாக மாறுகின்றன. இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வைரஸ் வருவதற்கு முன்னால் ஊசி. வந்து தங்கியிருக்கக்கூடிய வயதில் பரிசோதனை. எங்கள் மாணவிகளுக்கு 17 முதல் 22 வயது. அவர்களின் அம்மாக்களுக்கு 38 முதல் 50. கல்லூரிக்கு வரும் பெண் ஊசிக்குரிய வயதிலும், காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்கும் பெண் பரிசோதனைக்குரிய வயதிலும் இருக்கிறார்கள்.

மாணவிகளுக்குப் பாப் முகாம்: ஏன் வேண்டாம் என்றோம்

நல்ல மனதோடு வந்த யோசனைதான் இது. வருமுன் பார்த்துவிடுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 19 வயதில் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் தானாகப் போய்விடப் போகும் மாற்றம். அதைக் கண்டுபிடித்துவிட்டு, ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு புரியாத வார்த்தையை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு அனுப்பி, தேவையில்லாமல் திசுவை வெட்டி எடுக்கும் இடம் வரை கொண்டுபோய் விடலாம். கர்ப்பப்பை வாயிலிருந்து திசுவை வெட்டி எடுத்தவர்களுக்குப் பின்னாளில் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் தெரிந்த விஷயம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பொதுவான பெண்களுக்கு 30 வயதிலிருந்து பரிசோதனை என்கிறது. இந்திய அரசின் திட்டமும் 30இல்தான் தொடங்குகிறது. பிரிட்டனில் 25. ஆஸ்திரேலியாவில் முன்பு 18 வயதிலிருந்தே பாப் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017 டிசம்பரில் அதை 25க்குத் தள்ளி, பாப்புக்குப் பதில் எச்.பி.வி. பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 21 வயதில் பாப் தொடங்கும் வழக்கம் இருக்கிறது. அங்கேயும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2020இல் 25 என்று மாற்றிக்கொண்டது.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. பாப் முகாம் வரிசையில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதே விடுதியில் பேச்சாகிவிடும். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் நம் மருத்துவமனைகளில் கேட்பார்கள், அந்தக் கேள்விக்குள் இருக்கும் இன்னொரு கேள்வி எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை வளாக வராந்தாவில் வைக்கும் எதையும் நான் ஏற்க மாட்டேன்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து நெடுநாள் சாப்பிடுபவர்கள் எப்போது தொடங்குவது என்று தங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், உறவுக்குப் பின் ரத்தம் வருவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் வருவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது இதெல்லாம் இருந்தால் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு அறிகுறியும் இல்லாதவர்களைப் பார்ப்பதுதான் பரிசோதனை முகாம். அறிகுறி இருப்பவருக்கு முகாம் போதாது, மருத்துவர் வேண்டும்.

தடுப்பூசி: எது, எத்தனை, எப்போது

எங்கள் நேரம் அதிகம் போனது இதில்தான். பணமும் இதில்தான் போகப் போகிறது.

மாணவிகள் சொன்ன முதல் தடை விலை அல்ல, அம்மா. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இப்போ எதுக்கு? கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்." கல்யாணத்துக்கு அப்புறம் என்பது வைரஸ் வந்த பிறகு என்று ஆகிவிடலாம். ஊசி, வராத வைரஸைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை விரட்டாது. ஸ்வீடனில் 10 முதல் 30 வயது வரையான 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. 17 வயதுக்குள் ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88% குறைவு. 17க்கும் 30க்கும் இடையில் போட்டவர்களிடம் 53% குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் மாணவிகளுக்கு மிகச் சிறந்த வயது கொஞ்சம் கடந்துவிட்டது. ஆனாலும் பாதிக்கு மேல் பலன் மிச்சம் இருக்கிறது. அதிலும், உறவு இன்னும் தொடங்காத பெண்ணுக்கு வயது 20 ஆனாலும் ஊசியின் பலன் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு சிக்கல். கல்யாணமான கையோடு கர்ப்பம் என்றால், கர்ப்ப காலத்தில் இந்த ஊசியைப் போட மாட்டார்கள். பிறகு குழந்தை, பால், தூக்கமில்லாத ராத்திரிகள். யார் இதை நினைவில் வைத்திருப்பார்கள்?

சரி, எந்த ஊசி? இந்தியாவில் பேச்சுக்கு வருபவை மூன்று. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக், எம்.எஸ்.டி. நிறுவனத்தின் பழைய கார்டசில், அதே நிறுவனத்தின் கார்டசில் 9. முதல் இரண்டும் 6, 11, 16, 18 என்ற நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரானவை. கார்டசில் 9 இன்னும் ஐந்து வகைகளைச் சேர்த்துக்கொள்கிறது. உலக அளவில் இந்தப் புற்றுநோயில் 70% 16, 18 ஆகிய இரண்டு வகைகளால் வருகிறது. ஒன்பது வகையையும் தடுத்தால் அது 90% ஆகிறது. இந்தியாவில் 16, 18 இரண்டின் பங்கே 80%க்கும் மேல். அதனால் இங்கே கார்டசில் 9 தரும் கூடுதல் பலன் உலக சராசரியை விடக் குறைவு.

விலையில் வித்தியாசம் மிகப் பெரிது. செர்வாவேக் சந்தைக்கு வந்தபோது ஒரு டோஸ் 2,000 ரூபாய். பழைய கார்டசில் சுமார் 4,000. கார்டசில் 9 பத்தாயிரத்தைத் தாண்டும். 15 வயதுக்கு மேல் இந்தியாவில் மூன்று டோஸ் என்பதே உரிமத்தில் உள்ள அட்டவணை: முதல் ஊசி, இரண்டாம் மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் கடைசி. எங்கள் 60,000 ரூபாயில் கார்டசில் 9 வாங்கினால் இரண்டு பெண்களுக்குக்கூட முழுசாக வராது. செர்வாவேக் என்றால் பத்துப் பெண்கள்.

இங்கேதான் டோஸ் கணக்கு குறுக்கே வந்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 20 வயது வரை ஒரே டோஸும் ஏற்கத்தக்கது, 21க்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்று சொன்னது. அதன் பின்னால் இருக்கும் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2009இல் இந்தியாவில் இரண்டு டோஸா, மூன்று டோஸா என்று ஒப்பிட ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. 2010இல் வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் அரசு எல்லா எச்.பி.வி. ஊசி ஆய்வுகளையும் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். அவர்களை விட்டுவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகைகள் உடலில் தங்குவதை அந்த ஒரே டோஸ் 95% அளவுக்குத் தடுத்திருந்தது. கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்களிடம், அதுவும் உறவு தொடங்கியவர்களிடம், நடந்த ஆய்விலும் ஒரே டோஸ் ஒன்றரை ஆண்டில் 97% தடுத்தது. கல்லூரி வயதுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு எனக்குக் கண்ணில் படவில்லை.

அப்படியென்றால் செர்வாவேக் ஒரே டோஸ், 2,000 ரூபாய், முப்பது பெண்கள் என்று போட்டுவிடலாமா? குழுவில் எல்லோரும் இதற்குத்தான் ஆசைப்பட்டோம். நான் தடுத்தேன். ஒரே டோஸ் போதும் என்று காட்டிய அந்த ஆய்வுகள் எதுவும் செர்வாவேக்கை வைத்து நடந்தவை அல்ல. இந்தியாவில் கார்டசில், கென்யாவில் கார்டசில் 9, கூடவே 16, 18 இரண்டு வகைகளை மட்டும் தடுக்கும் இன்னொரு ஊசி. செர்வாவேக்குக்கு 2022இல் அனுமதி கிடைத்தது, உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருளின் அளவை கார்டசிலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான். கல்லூரி வயதினருக்கு அந்த ஒப்பீடு மூன்று டோஸ் அட்டவணையில் நடந்தது. ஊசி நல்ல ஊசி. ஒரே டோஸுக்கான நீண்ட காலச் சான்று மட்டும் அதற்கு இன்னும் சேரவில்லை.

எனவே எங்கள் முடிவு இப்படி அமைந்தது. 20 வயதுக்குள் இருக்கும் பெண், வாழ்க்கையில் ஒரே ஒரு ஊசிக்குத்தான் பணமும் வாய்ப்பும் இருக்கிறது என்றால், பழைய கார்டசில் ஒரு டோஸ், அது கிடைக்கும் இடத்தில். மூன்று முறை வர முடியும் என்றால் செர்வாவேக் மூன்று டோஸ், 6,000 ரூபாய். 21 தாண்டிய முதுகலை மாணவிக்கு ஒரே டோஸ் யோசனையே வேண்டாம். வீட்டில் வசதி இருந்தால் கார்டசில் 9 போடட்டும், அதில் தவறில்லை. ஆனால் கார்டசில் 9க்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருப்பதை விட இன்று செர்வாவேக் போடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஒரு டோஸ் போட்டுவிட்டு அடுத்ததைத் தவறவிட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இலங்கையில் 2017இலிருந்தே பள்ளிச் சிறுமிகளுக்கு இலவசம். இரண்டும் நல்ல செய்தி. ஆனால் இன்று கல்லூரியில் இருக்கும் தலைமுறை அந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் 14ஐக் கடந்துவிட்டது. அவர்களுக்கு யாரும் கூப்பிட்டுப் போடப் போவதில்லை. கல்லூரி இதில் பணம் போட வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

2010 சர்ச்சை என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு செயல்விளக்கத் திட்டமாக ஊசி போடப்பட்டது. அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். விசாரணையில் அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையில் பெரிய தவறு வெளிப்பட்டது: விடுதியில் தங்கிப் படித்த பல சிறுமிகளுக்கு பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். இன்றைக்கும் "அந்த ஊசியா, அதில் பிள்ளைகள் செத்துப்போச்சே" என்று பெற்றோர் கேட்பதன் வேர் அங்கே இருக்கிறது. அதனால் எங்கள் முகாமில் 18 நிறைந்த பெண் தானே படித்துத் தானே கையெழுத்திடுவாள். 17 வயது முதலாண்டு மாணவிக்குப் பெற்றோர் கையெழுத்து. காப்பாளருக்கோ வகுப்பாசிரியைக்கோ அந்தத் தாளில் இடமே இல்லை. போட வேண்டாம் என்று சொல்பவளிடம் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஊசிக்கு முன் எந்தப் பரிசோதனையும் வேண்டாம், உள்ளே பார்க்கவும் தேவையில்லை. கையில் போடும் ஊசி. கை வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். இந்த வயதில் ஊசி போட்டதும் மயங்கி விழுபவர்கள் உண்டு, அதனால் சாப்பிட்டுவிட்டு வந்து, போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவது கூடாது, மருத்துவமனையே கொண்டுவந்து போடட்டும்.

அம்மாவுக்கு எந்தப் பரிசோதனை?

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 30 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 1.9%. தமிழ்நாட்டில் 9.8%. மற்ற மாநிலங்களோடு பார்த்தால் நாம் மேலே இருக்கிறோம், பத்தில் ஒருவர் என்ற நிலையில்.

இங்கே மூன்று வழிகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் செய்வது வி.ஐ.ஏ. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. காசு இல்லை, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இதன் பலனை உலகத்துக்குக் காட்டியவர்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. அம்பிளிக்கை கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக சுகாதார மையத்தை ஒட்டி 2000இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செவிலியர்கள் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்தார்கள். ஏழு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் இந்தப் புற்றுநோய் 25% குறைந்தது, அதனால் வரும் மரணம் 35% குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் வந்தது. அதே 2007இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் தமிழ்நாடு அரசு முன்னோட்டமாகத் தொடங்கியதுதான் இப்போது எல்லா மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது.

வி.ஐ.ஏ.வுக்கு ஒரு எல்லை உண்டு, பலர் இதைச் சொல்வதில்லை. மாதவிலக்கு நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்த்து என்ன பயன்? மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கு இது பொருந்தாது.

பாப் ஸ்மியர் எல்லோருக்கும் பெயர் தெரிந்தது. செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. மாதிரி எடுப்பவரும் பார்ப்பவரும் தேர்ந்தவராக இருந்தால் நல்ல பலன் தரும். இல்லையென்றால் நோய் நழுவிவிடும். அதனால் ஒரு முறை செய்துவிட்டு நிறுத்தக் கூடாது, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை வைரஸையே தேடுகிறது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இப்போது தாராஷிவ்) மாவட்டத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட பெண்களை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று முறைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. பரிசோதனை இந்தப் புற்றுநோயால் வரும் மரணத்தை ஏறக்குறையப் பாதியாக்கியது. பாப், வி.ஐ.ஏ. குழுக்களில் அந்த அளவு தெளிவான குறைவு தெரியவில்லை. வைரஸ் இல்லை என்று வந்துவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நிம்மதியாக இருக்கலாம். மாதிரியைப் பெண்ணே தனியறையில் தானாக எடுத்துக்கொடுக்கவும் முடியும். வெட்கத்தால் பத்து வருடம் தள்ளிப்போட்ட என் அத்தை போன்றவர்களுக்கு அந்த ஒரு வசதியே போதும். குறை, விலை: தனியார் ஆய்வகத்தில் ஆயிரங்களில் ஆகும்.

அம்மாவுக்கு 30இலிருந்து 50க்குள் வயது, கையில் பணம் இல்லை என்றால் பக்கத்து சுகாதார நிலையம் போதும், நாளைக்கே போகட்டும். ஒருமுறை செலவு செய்ய முடியும் என்றால், அல்லது விலக்கு நின்றுவிட்டது என்றால் எச்.பி.வி. பரிசோதனை. விலக்கு நாட்களில் போக வேண்டாம், முந்தைய இரண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். இதையெல்லாம் விட முக்கியமானது, ஏதோ இருக்கிறது என்று முடிவு வந்தால் அடுத்த மருத்துவமனைக்குப் போவது. பரிசோதனை செய்துகொண்ட பெண்களை நாம் இழப்பது அங்கேதான். அந்தக் கட்டத்தில் வெறும் மாற்றமாக இருந்தால் குளிரூட்டியோ சூடு வைத்தோ சில நிமிடங்களில் அகற்றிவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பயந்து பின்வாங்கும் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக மகளை விடப் பொருத்தமான ஆள் வேறு யார்?

கருத்தரங்கை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரப் பேச்சு, பூங்கொத்து, பேரணிக்குப் பதாகை என்று பணம் தீர்ந்துபோய், ஒரு பெண்ணும் ஊசி போடாமல், ஒரு அம்மாவும் சுகாதார நிலையப் படி ஏறாமல் முடிவதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் பேசினால் போதும், அன்றே பெயர் எழுதும் தாளும் அறையில் இருக்க வேண்டும்.

பணத்தை இப்படிப் பிரித்தோம். ஊசிக்கு வரும் இருபது பெண்கள் முதல் இரண்டு டோஸின் விலையைத் தாங்களே கட்டுவார்கள், மூன்றாவது டோஸ் குழுவின் செலவு. அது 40,000 ரூபாய். இலவசத்தைக் கடைசியில் வைத்தால் பாதியில் விட்டுவிட மாட்டார்கள். கட்டவே முடியாத மூன்று பெண்களுக்கு மூன்று டோஸும் குழுவின் செலவு, 18,000. யார் அந்த மூவர் என்பது இரண்டு ஆசிரியைகளைத் தவிர யாருக்கும் தெரியாது. மீதி 2,000 அச்சுக்கு.

எல்லோரும் ஜனவரியில் முகாம் நடத்துகிறார்கள், அது இந்த நோயின் விழிப்புணர்வு மாதம் என்பதால். நாங்களும் ஜனவரி என்றுதான் முதலில் எழுதினோம். நாட்காட்டியை வைத்துப் பார்த்தபோது மூன்றாவது டோஸ் ஜூலையில் வந்து விழுந்தது. இறுதியாண்டுப் பெண்கள் அதற்குள் கல்லூரியை விட்டே போயிருப்பார்கள். எனவே முதல் ஊசி ஆகஸ்ட் இரண்டாம் வாரம், அடுத்தது அக்டோபர், கடைசி ஊசி பிப்ரவரியில், தேர்வுக்கு முன்னால்.

பெயர் எழுதும் தாளில் மாணவியின் பெயருக்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்திருக்கிறோம்: அம்மாவின் வயது, கடைசியாகப் பரிசோதனை செய்த ஆண்டு. மாதிரித் தாளைக் கொடுத்தபோது ஒரு பெண் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, வராந்தாவுக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். திரும்பி வந்து, "அப்படி ஒண்ணு இருக்கிறதே அம்மாவுக்குத் தெரியலை மேம், எங்க ஊர் சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை பார்ப்பாங்கன்னு கேக்கச் சொன்னாங்க" என்றாள். அந்தச் சுகாதார நிலையத்தின் போன் எண்ணைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தேன்.